கினிப்பன்றியின் கட்டி: ஒரு பழைய கேள்வியும் அதன் விடைகளும்

வளர்ப்புக் கினிப்பன்றியைத் தடவிக்கொடுக்கும்போது விரலில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. அடுத்து என்ன செய்வது? இந்தச் சின்னக் கேள்விக்குக் கடந்த நூறு ஆண்டுகளில் கிடைத்த விடைகள் ஒன்றையொன்று மறுப்பவை. ‘அது சீழ்தான், கீறிவிடலாம்’ என்றது ஆய்வுக்கூடங்களின் காலம். ‘இந்தப் பிராணிக்குப் புற்று அநேகமாக வராது’ என்றதும் அதே காலம்தான். ‘எதுவானாலும் சிறிதாக இருக்கும்போதே அறுத்து எடுத்துவிட வேண்டும்’ என்பது இன்றைய செல்லப்பிராணி மருத்துவர்களில் ஒரு சாரார் கருத்து. ‘முதலில் ஊசியால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம்’ என்பது மறுசாரார் கருத்து. இவற்றோடு ‘தொந்தரவு தராத கட்டியைத் தொடவே வேண்டாம்’ என்ற குரலும் உண்டு. அதைப் பெரும்பாலும் வளர்ப்பவர்களிடமிருந்தே கேட்கலாம், சில சமயம் மருத்துவர்களிடமிருந்தும்.

இந்த விடைகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். விடை சொன்னவர்கள் எல்லாரும் ஒரே வகைக் கினிப்பன்றிகளைப் பார்த்தவர்கள் அல்லர். ஆண்டிஸ் மலை நாடுகளில் உணவுக்காக வளர்க்கப்படுபவை சில மாதங்களிலேயே அடுப்புக்குப் போய்விடும். ஆய்வுக்கூடத்துப் பிராணியின் ஆயுளைப் பரிசோதனையின் கால அட்டவணை தீர்மானித்தது. வீட்டில் வளர்வதோ ஐந்தாறு ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் வாழ்கிறது. கட்டியைப் பற்றிய ஒவ்வொரு கொள்கையும் தனக்கு முன்னால் கிடந்த பிராணியின் வயதையும் வாழ்க்கையையும் சுமந்துகொண்டே வந்திருக்கிறது.

புற்று வராத பிராணி என்ற நம்பிக்கை

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், கினிப்பன்றிக்குத் தானாகப் புற்றுக்கட்டி தோன்றுவது மிக அரிது என்ற கருத்து நூல்களில் நிலைபெற்றிருந்தது. அதற்கு உயிரியல் விளக்கங்களும் தேடப்பட்டன. ரஷ்ய மருத்துவர் குர்லோவ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவரித்த ஒரு வகை வெள்ளணு கினிப்பன்றியின் இரத்தத்தில் உண்டு. உள்ளே ஒரு பெரிய உருண்டைப் பொதியோடு காணப்படும் அந்த அணு, கட்டி அணுக்களைக் கொல்லும் காவலனாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் ஊகிக்கப்பட்டது.

இதைவிட வலுவான சான்று வேறு திசையிலிருந்து வந்தது. 1953இல் ஜான் கிட், கினிப்பன்றியின் இரத்தச் சீரம் எலிகளின் நிணநீர்ப் புற்றை ஒடுக்குவதைக் கண்டார். 1961இல் ஜான் புரூம், அந்த ஆற்றலுக்குச் சீரத்தில் உள்ள அஸ்பராஜினேஸ் என்ற நொதியே காரணம் என்று சுட்டினார். இன்று குழந்தைகளின் கடும் இரத்தப் புற்றுக்குத் தரப்படும் அஸ்பராஜினேஸ் மருந்தின் தொடக்கம் இங்கேதான். மருந்துக்கான நொதியைப் பிறகு பாக்டீரியாவிலிருந்து எடுத்தார்கள் என்பது வேறு செய்தி.

ஆனால் ஒரு பிராணியின் சீரம் எலியின் புற்றைக் கரைக்கிறது என்பதிலிருந்து அந்தப் பிராணிக்கே புற்று வராது என்ற முடிவுக்குத் தாவ முடியாது. நிணநீர்ப் புற்றும் இரத்தப் புற்றும் கினிப்பன்றிக்கும் வருவதை 1950களிலேயே பதிவு செய்திருந்தார்கள். அலெக்சாண்டர் லிப்ஷூட்ஸ் சிலி நாட்டில் இருந்து செய்த ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜன் தொடர்ந்து செலுத்தப்பட்ட கினிப்பன்றிகளின் வயிற்றுக்குள் நார்க்கட்டிகள் வளர்வதைக் காட்டின. ‘அரிது’ என்ற தீர்ப்பைத் தாங்கி நின்றது உண்மையில் வயதுதான். மூன்று வயதுக்கு மேற்பட்டவற்றில் கட்டிகள் கூடுகின்றன என்ற குறிப்பைப் பழைய நூல்களிலேயே காணலாம். ஆய்வுக்கூடத்தில் மூன்று வயதைத் தாண்டியவை எத்தனை? செல்லப்பிராணியாக வாழும் கூட்டத்துக்கு அந்தப் பழைய தீர்ப்பு பொருந்தாது என்பதில் இன்று கருத்து வேறுபாடு அநேகமாக இல்லை. குர்லோவ் அணுவுக்கு உண்மையில் எவ்வளவு காவல் வேலை உண்டு என்பது மட்டும் தெளிவாகவில்லை.

கழுத்துக் கட்டி: சீழா, நெறியா, வேறொன்றா?

‘கட்டி என்றால் சீழ்’ என்ற விடைக்கு வலுவான அடிப்படை இருந்தது. ஆய்வுக்கூடப் பண்ணைகளில் கழுத்தில் நெறி கட்டிச் சீழ் பிடிக்கும் நோய் தொற்றாகப் பரவியது. காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூஎபிடெமிக்கஸ். நலமாகத் தெரியும் பிராணியின் மூக்கிலும் தொண்டையிலும் இந்தக் கிருமி சும்மா தங்கியிருக்கக்கூடும். முரட்டு வைக்கோலோ, ஒழுங்கற்று வளர்ந்த பல்லோ வாயின் உட்புறத்தைக் கீறும்போது அது உள்ளே புகுந்து தாடைக்கடியில் உள்ள நிணநீர்க் கணுக்களை அடைகிறது. பண்ணையில் இதற்கான மருத்துவம் எளிமையானது: கட்டி கண்ட பிராணியைக் கூட்டத்திலிருந்து அகற்றுவது. தனி உயிரைக் காப்பாற்றும் தேவை அங்கே இல்லாததால், கட்டியை வகைபிரித்து அறியும் தேவையும் எழவில்லை.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மனிதருக்குக் காசநோய் உண்டா என்று அறிவதற்கே ஒரு காலத்தில் கினிப்பன்றியின் நெறிக்கட்டு பயன்பட்டது. ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியை அறிவித்தபின் பல பத்தாண்டுகளுக்கு, நோயாளியின் சளியைக் கினிப்பன்றிக்கு ஊசியால் செலுத்திச் சில வாரங்கள் காத்திருப்பது அங்கீகரிக்கப்பட்ட சோதனையாக இருந்தது. பிராணியின் நெறி வீங்கினால் மனிதருக்கு நோய் உறுதி. இத்தனை காலம் இதன் கட்டிகளை உற்றுப் பார்த்திருக்கிறோம், அதன் பொருட்டுப் பார்த்தது குறைவு.

வீட்டுப் பிராணியிடம் ‘கழுத்துக் கட்டி என்றால் சீழ்’ என்ற சமன்பாடு அடிக்கடி பிசகுகிறது. அதே இடத்தில் நிணநீர்ப் புற்று வரலாம். அப்போது கழுத்தோடு நில்லாமல் அக்குள், தொடையிடுக்கு நெறிகளும் சேர்ந்தே வீங்கியிருப்பதுண்டு. நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போகும் வயதான பிராணியின் கழுத்துக் கட்டி தைராய்டிலிருந்து எழுந்திருக்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பியும், வேரோடு கெட்ட பல்லின் சீழும் பட்டியலில் உண்டு. இவற்றுக்கான மருத்துவம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. நிணநீர்ப் புற்று வெளித்தெரிந்தபின் ஆயுள் பெரும்பாலும் சில வாரங்களே. சீழ்க்கட்டியை முழுதாக எடுத்துவிட்டால் பிராணி பல ஆண்டுகள் வாழும். கழுத்துக் கட்டியைத் தொட்டுப் பார்த்து மட்டும் பெயர் சொல்வது ஆபத்தான பழக்கம்.

முதுகிலும் விலாவிலும்: எது அதிகம்?

தோல் கட்டிகளில் எது அதிகம் என்ற கேள்விக்கு நீண்ட காலம் ஒரே விடைதான் இருந்தது. ட்ரைக்கோஃபாலிகுலோமா என்னும் மயிர்க்கால் கட்டி. இது பெரும்பாலும் முதுகின் பின்பகுதியில், இடுப்பெலும்பை ஒட்டித் தனியாக எழும். தோலோடு சேர்ந்து நகரும். நடுவில் ஒரு துளை இருக்கும். அதன் வழியே வெண்மையாகவோ சாம்பல் நிறத்திலோ மாவு போன்ற கெரட்டின் வெளிவரும். வளர்ப்பவர்கள் இதைச் சீழ் என்று எண்ணிப் பிதுக்குவதும், மீண்டும் நிறைந்ததும் மீண்டும் பிதுக்குவதும் வழக்கம். பிதுக்குவதில் பயன் இல்லை என்பதோடு கெடுதலும் உண்டு. சுவர் உட்புறமாகக் கிழிந்து கெரட்டின் சதைக்குள் சிதறினால் உடல் அதை அந்நியப் பொருளாக எதிர்க்கிறது. சாதுவாக இருந்த கட்டி சிவந்து, வெடித்து, நாறும் புண்ணாகிவிடுகிறது. சுற்றிலும் சற்று நல்ல தோலைச் சேர்த்து முழுதாக வெட்டி எடுத்தால் பொதுவாக மீண்டும் வருவதில்லை. கினிப்பன்றிக் கட்டிகளில் அறுவை மருத்துவத்துக்கு மிகச் சாதகமானது இது.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு 1990 முதல் 2015 வரை தோல் நோய்க்காக வந்த 293 கினிப்பன்றிகளின் பதிவுகள் 2016இல் தொகுத்து வெளியிடப்பட்டன. பாதப் புண்ணுக்கு அடுத்தபடி அங்கே முக்கிய இடம் பிடித்தவை தோல் கட்டிகள். அவற்றில் மயிர்க்கால் கட்டிகளும் கொழுப்புக் கட்டிகளும் முன்னணியில் நின்றன. 1,000 வளர்ப்புக் கினிப்பன்றிகளைக் கொண்ட செக் நாட்டு ஆய்வு 2015இல் வந்தது. அதில் பல் நோய்க்கு அடுத்து நின்றது தோல் நோய், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிராணிகளில்.

பழைய விடையை அசைத்தது 2023இல் வெளியான பிரிட்டன் ஆய்வு. வெளியிலிருந்து தொட்டு உணரக்கூடிய கட்டிகளிலிருந்து திசுப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட 619 மாதிரிகளை அதன் ஆசிரியர்கள் பரிசீலித்தனர். முதலிடம் மயிர்க்கால் கட்டிக்கு இல்லை. மாதிரிகளில் ஏறத்தாழப் பாதி லிபோமா, அதாவது கொழுப்புக் கட்டி.

அப்படியானால் நூல்கள் தவறா? அவசரப்பட வேண்டியதில்லை. திசுக்கூடத்துக்குப் போய்ச் சேரும் மாதிரிகள், உலகத்தில் உள்ள கட்டிகளின் நேர்ப் பிரதிநிதிகள் அல்ல. வெட்டிய கட்டி நடுத்துளையும் கெரட்டினுமாக அடையாளம் காட்டினால் மருத்துவர் அதை அனுப்பாமலே விடக்கூடும். செலவு ஒரு காரணம். கொழுப்புக் கட்டியோ பெரிதாக வளர்ந்து கவலை தருவதால் அறுக்கப்பட்டு அனுப்பப்பட்டிருக்கலாம். எதிர்ப்பக்கமாகவும் வாதிடலாம்: தொட்டதும் மெத்தென்று இருக்கும் கொழுப்புக் கட்டியை அறுக்காமலே விட்டவர்கள் பலர் இருப்பார்கள், ஆகவே அதன் உண்மைப் பங்கு இன்னும் கூடுதல் என்று. டேவிஸ் பதிவுகளுக்கும் இதே ஐயம் பொருந்தும். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வருபவை பெரும்பாலும் வேறிடத்தில் தீராமல் வந்தவை. எனவே உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: தோலிலும் தோலடியிலும் காணும் கட்டிகளில் தீங்கற்றவை அதிகம். அவற்றில் இந்த இரண்டும் முதன்மையானவை. எது முதல் என்பது எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. நார்ப்புற்று, கொழுப்புப் புற்று, செதிளணுப் புற்று, நிறமிப் புற்று ஆகியவை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

முலைக்காம்பருகே

கினிப்பன்றிக்கு முலைக்காம்புகள் இரண்டே, தொடையிடுக்கை ஒட்டி. ஆணுக்கும் உண்டு. நாயிலும் பூனையிலும் ஆணின் முலைக் கட்டி அபூர்வம். கினிப்பன்றியில் ஆணுக்கும் அது குறிப்பிடத்தக்க அளவில் வருகிறது. ‘ஆண்தானே, முலைக் கட்டியாக இருக்காது’ என்ற எண்ணத்தில் நாள் கடத்துவது அதனால் பிழை.

இந்தக் கட்டிகளில் எத்தனை தீயவை என்பதில் நூல்களுக்குள் ஒற்றுமை இல்லை. பழைய நூல்கள் பெரும்பான்மையானவை நார்ச்சுரப்பிக் கட்டி போன்ற தீங்கற்றவை, சுமார் மூன்றில் ஒன்றே புற்று என்று கணக்கிட்டன. அதைவிட மிகுதி என்று கருதுவோரும் உண்டு. ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எண்ணிக்கை குறைவாக இருப்பதால் எந்த விகிதத்தையும் இறுகப் பற்றிக்கொள்வதற்கில்லை. தீயவையும் பெரும்பாலும் அருகிலேயே பரவுகின்றன, நுரையீரல் வரை போவது குறைவு என்பது பொதுக் கருத்து. ஆயினும் அறுவைக்கு முன் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதையே கவனமான மருத்துவர்கள் விரும்புகிறார்கள். பெண் நாய்க்கு இளமையில் கருப்பையும் சினைப்பையும் அகற்றினால் முலைக் கட்டி வாய்ப்பு குறைகிறது என்ற கருத்தைக் கினிப்பன்றிக்கும் நீட்டுகிறார்கள். அதற்குத் தனிச் சான்று போதவில்லை. ஆணிலும் வருகிறது என்பதே அந்தக் கருத்தைச் சற்றுப் பலவீனப்படுத்துகிறது.

கட்டி போல் தோன்றுபவை

இதில் தங்கி நிற்கத் தேவையில்லை, ஆனால் தாண்டிப் போகவும் முடியாது. முதுகெலும்பின் கடைசி முனையில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அழுக்குத் திரண்டு கறுத்த பிசினாக இறுகுவது, முன்பாதத்தின் ஓரத்தில் கொம்பு போல நீளும் கெட்டித்த தோல், வயதான ஆணின் மலவாயை ஒட்டிய பையில் சாணம் அடைபடுவது ஆகியவை நோய்க்கட்டிகள் அல்ல. முதலாவதைக் கழுவலாம், இரண்டாவதை நகம் வெட்டுவது போல் கவனமாகத் திருத்தலாம், மூன்றாவதை வெளியேற்றிச் சுத்தம் செய்யலாம். பாதம் வீங்கிப் புண்ணாவது தனி நோய். உடல் பருமன், ஈரமான அல்லது கரடுமுரடான தரை, வைட்டமின் சி குறைவு எல்லாம் சேர்ந்து அதை உண்டாக்கும்.

ஊசி எவ்வளவு சொல்லும்?

மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் பரப்பி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது மனித மருத்துவமனைகளில் நாமும் கேள்விப்பட்ட எஃப்.என்.ஏ.சி.தான். கினிப்பன்றிக்கு இதைப் பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமலே செய்யலாம். சில நிமிட வேலை. செலவும் ஆபத்தும் அறுவையோடு ஒப்பிட மிகக் குறைவு.

இதை ஆதரிப்போரின் வாதம் நேரடியானது. சீழா, கொழுப்பா, கெரட்டினா, நிணநீர் அணுக்களா என்ற முதல் பிரிவை ஊசி பெரும்பாலும் சொல்லிவிடும். மருத்துவத்தின் திசை அங்கேயே தீர்மானமாகிறது. ஐயப்படுவோருக்கும் நியாயம் உண்டு. கெரட்டின் செதிள்கள் மயிர்க்கால் கட்டியிலிருந்தும் வரும், சாதாரணத் தோல் நீர்க்கட்டியிலிருந்தும் வரும். இரண்டையும் ஊசி பிரித்துக் காட்டாது. கொழுப்புத் துளிகள் லிபோமாவிலிருந்து வந்தவையா, கட்டியைத் தவறவிட்டு அருகில் இருந்த தோலடிக் கொழுப்பைத் தொட்டதால் வந்தவையா என்றும் தெரியாது. நார்த்தன்மை மிகுந்த கட்டி அணுக்களை உதிர்ப்பதே இல்லை. முலைக் கட்டியில் தீயதையும் தீங்கற்றதையும் பிரிப்பதில் ஊசியின் சொல்லை நம்பிவிட முடியாது. கினிப்பன்றியின் சீழ் கெட்டியாக இருப்பதால் மெல்லிய ஊசியில் ஒன்றுமே வராமலும் போகலாம்.

இந்தக் குறைகள் எல்லாம் உண்மை. இருந்தும் ஊசியைத் தவிர்ப்பதற்கு அவை காரணமாகா. மயிர்க்கால் கட்டிக்கும் தோல் நீர்க்கட்டிக்கும் மருத்துவம் ஒன்றே, முழுதாக எடுப்பது. அவற்றைப் பிரிக்க முடியாதது நடைமுறையில் நட்டமில்லை. கழுத்தில் சீழையும் நிணநீர்ப் புற்றையும் பிரிப்பதுதான் உயிர்ப் பிரச்சினை, அங்கே ஊசி நன்றாகவே உதவுகிறது. முழுப் பெயரை அறிய வெட்டிய திசுவைக் கூடத்துக்கு அனுப்புவதற்கு மாற்று இல்லை.

அறுப்பதா, பொறுப்பதா?

விவாதத்தின் நடுப்புள்ளி இதுதான். இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் எண்கள் பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை திரட்டப்பட்டு 2008இல் வெளியான பெரிய மயக்க மருந்து ஆய்வைச் சேர்ந்தவை. மயக்கம் கொடுக்கப்பட்ட நாய்களில் 0.17 விழுக்காடும், பூனைகளில் 0.24 விழுக்காடும், முயல்களில் 1.39 விழுக்காடும் 48 மணி நேரத்துக்குள் இறந்தன. கினிப்பன்றியில் அந்த அளவு 3.8 விழுக்காடு, அதாவது இருபத்தாறில் ஒன்று.

பயமுறுத்தும் எண் இது. பொறுப்பவர் கட்சி இதைக் கேடயமாகப் பிடிக்கிறது: தீங்கற்ற கட்டிக்காக இருபத்தாறில் ஒரு பங்கு உயிர் ஆபத்தை ஏற்பதா? ஆனால் அந்தக் கணக்கில் நலமானவையும் நோயுற்றவையும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பல் நோயால் நாட்கணக்கில் தின்னாமல் வந்த பிராணியின் இறப்பும், முதுகில் சிறு கட்டியோடு நலமாக வந்த பிராணியின் அறுவையும் ஒரே விழுக்காட்டில் கலந்தன. தோல் கட்டிக்காக நலமான கினிப்பன்றியை மயக்கும்போது ஆபத்து எவ்வளவு என்பதற்கு அந்த ஆய்வில் தனி விடை இல்லை. தரவுகள் இருபது ஆண்டுகளுக்கு முந்தியவை என்பதையும் மறக்கக் கூடாது.

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது ஓரளவு தெளிவு. கினிப்பன்றியின் வாய் குறுகலாகத் திறக்கும். அண்ணத்தின் மென்மடிப்பு தொண்டையை மறைப்பதால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது கடினம். வாய்க்குள் எப்போதும் கொஞ்சம் தீவனம் தங்கியிருக்கும். சிறிய உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தின்பதை நிறுத்தினால் குடல் நின்றுவிடும். மேற்சொன்ன ஆய்வில் பூனைகளிலும் முயல்களிலும் இறப்புகளில் பாதிக்கு மேல் அறுவை முடிந்தபின் நேர்ந்தவை. கினிப்பன்றிக்கும் கத்தியைவிடக் கண்விழித்த பிறகான மணிநேரங்களே ஆபத்தானவை என்று கருத இடமுண்டு. இரவு முழுக்கப் பட்டினி போடாமல் இருப்பது, சூடேற்றுவது, வலி மருந்தைத் தாராளமாகத் தருவது, விழித்ததும் வைக்கோலை முன்வைப்பது, தின்னாவிட்டால் ஊசிக்குழலால் கூழ் ஊட்டுவது ஆகியவை ஆபத்தைக் குறைக்கின்றன என்பதில் மருத்துவர்களிடையே உடன்பாடு உண்டு. அந்தக் குறைவின் அளவு என்ன என்பது அளக்கப்படாதது.

அறுப்பவர் கட்சியின் வலுவான வாதம் காலத்தைப் பற்றியது. இரண்டு வயதில் நெல்லிக்காய் அளவில் இருக்கும் மயிர்க்கால் கட்டியைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். ஐந்து வயதில் அது வெடித்து, சீழ் பிடித்து, முதுகின் கால்பகுதியை அடைத்தபின் எடுப்பது நீண்ட அறுவை. இழுத்துத் தைக்கத் தோல் போதாது, பிராணியும் முதியது. வெடித்த கட்டி நமது கோடையில் ஈ முட்டையிடும் இடமாகி, ஒரே நாளில் புழு வைத்துவிடக்கூடும்.

எனவே ‘அறுப்பதா பொறுப்பதா’ என்று பொதுவாகக் கேட்பதே தவறான கேள்வி என்று தோன்றுகிறது. கொழுப்புக் கட்டி என்று ஊசி சொல்லி, மெதுவாக வளர்ந்து, நடையைத் தடுக்காவிட்டால் மாதம் ஒருமுறை அளந்துகொண்டு பொறுக்கலாம். கெரட்டின் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே எடுப்பது நல்லது. முலைக் கட்டியைப் பொறுப்பதற்கு நியாயம் மிகக் குறைவு. நிணநீர்ப் புற்றில் அறுப்பதற்கே இடமில்லை. அதற்கு வேதிமருந்து தந்த தனித்தனிச் சம்பவ அறிக்கைகள் உள்ளன, பொது விதி சொல்லும் அளவுக்கு அவை சேரவில்லை.

சீழ்க்கட்டியில் இன்னொரு பழைய தகராறு உண்டு. கீறி, கழுவி, திறந்தே விடுவதா? பையோடு முழுதாக அறுத்தெடுப்பதா? கீறுவது எளிது, மயக்கமும் குறைவு. ஆனால் கெட்டிச் சீழ் முழுதாக வடியாது, தடித்த சுவர் கிருமியை மறைத்து வைத்திருக்கும், மீண்டும் நிறையும். முழுதாக எடுப்பதே மேல் என்ற பக்கம் தராசு சாய்ந்திருக்கிறது. தாடையெலும்பையோ பெரிய இரத்தக் குழாயையோ ஒட்டியிருக்கும்போது மட்டும் கீறித் திறந்துவிடுவது நடைமுறைத் தேவையாகிறது.

மருந்துக் குப்பிக்குள் உள்ள ஆபத்து

1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலின் தன் ஆற்றலைக் காட்டியது சுண்டெலிகளின் மேல். 1943இல் டாரதி ஹாம்ரேயும் உடன் பணியாற்றியவர்களும் அதே மருந்து கினிப்பன்றிகளைக் கொல்வதை அறிவித்தனர். முதல் சோதனை கினிப்பன்றியின் மேல் நடந்திருந்தால் மருந்தின் வரலாறு என்னவாகியிருக்கும் என்று மருந்தியலாளர்கள் இன்றும் பேசிக்கொள்வது உண்டு. மருந்து நேரடியாக நஞ்சாவதில்லை. குடலில் வாழும் நல்ல கிருமிகளை அது அழிக்க, கிளாஸ்ட்ரிடியம் இனம் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. சில நாட்களில் வயிற்றுப்போக்கும் சாவும்.

இது ஏட்டுச் செய்தி அல்ல. குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் வீட்டு அலமாரியில் இருக்கும், கினிப்பன்றியின் கட்டி சீழாகத் தெரியும், ‘ஒரு சொட்டுதானே’ என்று தோன்றும். வாய்வழி பென்சிலின் வகைகள், கிளிண்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றைக் கினிப்பன்றிக்குத் தரக் கூடாது. என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோப்ரிம்–சல்ஃபா போன்றவை பொதுவாகப் பாதுகாப்பானவை. ஆனால் கெட்டிச் சுவருக்குள் அடைந்த சீழை மருந்து மட்டும் தீர்ப்பது அரிது. எத்தனை நாள் தருவது என்பதில் மருத்துவர்களிடையே பெரும் வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்கும் ஒப்பீட்டுச் சோதனை நடந்ததாகத் தெரியவில்லை.

ஆறாத தையலுக்குப் பின்னால் வேறொரு குறை ஒளிந்திருக்கலாம். மனிதரைப் போலவே கினிப்பன்றியாலும் வைட்டமின் சி-யைத் தன் உடலில் தயாரிக்க முடியாது. நார்வேயில் ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிச்சும் 1907இல் இந்தப் பிராணியில்தான் ஸ்கர்வியை உண்டாக்கிக் காட்டினர். கொல்லஜன் இல்லாமல் காயம் ஒட்டாது, வைட்டமின் சி இல்லாமல் கொல்லஜன் இல்லை. நலமான பிராணிக்கு எடையில் கிலோவுக்கு நாள்தோறும் 10 மில்லிகிராம் அளவும், நோயிலும் காயம் ஆறும் காலத்திலும் 30 மில்லிகிராம் வரையும் தருவது வழக்கம். அறுவைத் திட்டத்தில் இது பெரும்பாலும் கடைசி வரியாக எழுதப்படுகிறது. முதல் வரியில் இருக்க வேண்டியது.

தீராதவை

புற்று வராத பிராணி என்ற கருத்து விழுந்துவிட்டது. கட்டி என்றால் சீழ் என்பது பாதி உண்மை. மயிர்க்கால் கட்டியா கொழுப்புக் கட்டியா என்ற முதலிடப் போட்டி மாதிரிகள் வந்த வழியைப் பொறுத்தது. ஊசியை முதலில் பயன்படுத்துவது என்ற நிலைப்பாடு இன்றுள்ள சான்றுகளோடு நன்றாகப் பொருந்துகிறது, அதற்கு எதிரான வாதங்கள் அதன் எல்லையைக் காட்டுகின்றனவே தவிர அதைத் தள்ளவில்லை. திறந்து கிடப்பவை வேறு: நலமான கினிப்பன்றிக்கு இன்றைய மயக்க மருந்துகளோடு உண்மையான ஆபத்து எவ்வளவு, முலைக் கட்டியை எடுத்தபின் எத்தனை நாள் வாழ்கின்றன, ஆணுக்கு அது ஏன் வருகிறது, சீழ்க்கட்டிக்கு மருந்தை எப்போது நிறுத்துவது.

இவை பெரிய ஆய்வுக்கூடங்களால் மட்டும் தீரக்கூடியவை அல்ல. விடைகளில் ஒரு பகுதி, அறுவை மேசையிலிருந்து குப்பைத் தொட்டிக்குப் போகும் கட்டிகளில் இருக்கிறது. அடையாளம் தெரிந்ததாகத் தோன்றும் கட்டியையும் ஃபார்மலினில் இட்டுத் திசுக்கூடத்துக்கு அனுப்பும்படி வளர்ப்பவர்கள் கேட்க வேண்டும். பிராணியின் வயது, பால், கட்டி இருந்த இடம், வளர்ந்த காலம், அறுவைக்குப் பின் அது வாழ்ந்த நாட்கள் ஆகியவற்றை மருத்துவர்கள் எழுதி வைக்க வேண்டும்.